குதிரையின் பின்னங்கால் ஏன் முன்னே வருவதில்லை? சவாரி பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சவாரி கற்கத் தொடங்கிய ஏழாவது மாதம். பயிற்சியாளர் தினமும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "பின்னாடி கால் வரல மேடம், பின்னாடி கால் வரல." நானும் குதிகாலால் அழுத்துவேன், குச்சியால் தொட்டுப் பார்ப்பேன். தாரா வேகம் எடுப்பாள். ஆனால் இடது பின்னங்கால் மட்டும் குளம்பு நுனியால் மணலைக் கீறிக்கொண்டே வரும். தாரா பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெண் குதிரை, பொறுமைசாலி. அவளைச் சோம்பேறி என்றார் ஒருவர். நொண்டுகிறாள் என்றார் இன்னொருவர். மூன்று வாரம் ஓய்வு கொடுத்தோம், மருத்துவரை வரவழைத்தோம், மருந்து வாங்கினோம். சுமார் 9,000 ரூபாய் செலவானது. ஓய்வு முடிந்து நான் மறுபடி ஏறிய அன்றே மணலில் அதே கீறல்.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவர் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன்தான். சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கால் வைக்கும் வளையங்களான இரண்டு ஸ்டிரப்பையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். "அக்கா, இந்தப் பக்கம் வாரு நீண்டுபோச்சு பாருங்க. நீங்க மாசக்கணக்கா இந்தப் பக்கமா தொங்கிக்கிட்டு வர்றீங்க." ஓட்டை எண் இரண்டு பக்கமும் ஒன்றுதான். தோல் மட்டும் இடது பக்கம் இரண்டு விரற்கடை நீண்டிருந்தது. எட்டாத ஸ்டிரப்பை எட்டுவதற்காக இடுப்பை இடது பக்கம் இறக்கி, தாராவின் முதுகில் அந்தப் பக்கத்தை நான் அழுத்தியபடியே இருந்திருக்கிறேன். அவளுடைய இடது பின்னங்கால் முன்னே வர இடமே இல்லை.

அந்த மாதங்களில் தாரா பட்டது இன்னொரு குதிரைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் குதிரையின் வலி, அடுத்து சாமான்கள், அதற்கப்புறம்தான் உங்கள் உடம்பு. நான் வரிசையை மாற்றியதால்தான் காலமும் பணமும் போனது.

1. தாள்களையும் தேதிகளையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்

எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சேரும்போது பொறுப்பு விலக்குப் படிவம் ஒன்றில் கையெழுத்து கேட்பார்கள். விழுந்தால் பொறுப்பு உங்களுடையது என்பதுதான் அதன் சாரம். முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து தேவை. உடல்நிலை பற்றிய பகுதியில் எதையும் மறைக்காதீர்கள். முதுகில் டிஸ்க் பிரச்சினை, பழைய எலும்பு முறிவு, ஒரு கால் சற்றுக் குட்டை, இதெல்லாம் நீங்கள் சேணத்தில் உட்காரும் விதத்தை மாற்றும். பயிற்சியாளருக்கு அது முதல் நாளே தெரிய வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இருந்தால் விலக்குப் பட்டியலைப் பாருங்கள். சாகச விளையாட்டுகள் என்ற தலைப்பில் குதிரைப் பந்தயம் பெயர் சொல்லியே இருக்கும். அது பெரும்பாலும் தொழில்முறையாக ஓட்டுபவர்களுக்கானது. ஆனாலும் பொழுதுபோக்குச் சவாரிக்குப் பணம் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் உதவாது. லாயம் என்றால் மண்ணும் சாணமும் இருக்கும் இடம், அதனால் டெட்டனஸ் ஊசியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

தலைக்கவசம் குதிரை சவாரிக்கென்றே செய்ததாக இருக்கட்டும். உள்ளே இ.என். 1384, வி.ஜி. 1, ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 போன்ற தர எண்களில் ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். நான் என்னுடையதை 4,000 ரூபாய்க்குள் வாங்கினேன். சைக்கிள் ஹெல்மெட் சரிப்படாது. ஒருமுறை பலமாக அடிபட்டால் மாற்றிவிட வேண்டும்.

நீங்கள் ஏறப்போகும் குதிரையைப் பற்றி மூன்று தேதிகள் கேளுங்கள்: கடைசியாக லாடம் அடித்தது, கடைசியாக மருத்துவர் பார்த்தது, கடைசியாகப் பல் பார்த்தது. யாரும் கேட்காத கேள்விகள் என்பதால் தயங்காதீர்கள். லாடம் வழக்கமாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்படும். நாள் கடந்தால் குளம்பின் நுனி நீண்டுவிடும், கால் தரையைவிட்டு எழுவது தாமதமாகும். அப்போது எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் பின்னங்கால் இழுத்துக்கொண்டுதான் வரும்.

எடைக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். சேணமும் நீங்களும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதைப் பல இடங்களில் மேல் வரம்பாக வைத்திருக்கிறார்கள். 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. பழகும் நாட்களில் நம்மால் எடையைச் சமமாகத் தாங்கவைக்க முடியாது, அதனால் வரம்புக்கு நன்றாகக் கீழே இருப்பதுதான் நல்லது. உருவில் சிறிய மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்குக் கணக்கைத் தனியாகப் போடுங்கள்.

2. குதிரைக்கு வலி இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்

பின்னங்கால் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் வலிமேல்தான் இருக்க வேண்டும். மூன்று நிலையில் பாருங்கள். கெட்டியான தரையில் யாரும் ஏறாமல், கயிற்றைப் பிடித்து நேர்க்கோட்டில் டிராட் என்னும் மெதுவோட்டத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்புறம் நீளக் கயிற்றில் வட்டமாக, இரண்டு பக்கமும். கடைசியாக ஆள் ஏறியபின். முடிந்தால் நன்றாகச் சவாரி தெரிந்த ஒருவரும் நீங்களும் மாறி மாறி ஏறி, ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ஆள் ஏறாதபோதே நடை சீராக இல்லையென்றால் சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் ஏறினால் மட்டும் நடை கெடுகிறது, மற்றவர் ஏறினால் சரியாக இருக்கிறது என்றால் சந்தேகம் உங்கள்மேல் திரும்புகிறது. யார் ஏறினாலும் கெடுகிறது என்றால் சேணமாக இருக்கலாம், பாரம் ஏறும்போது மட்டும் தெரியும் வலியாகவும் இருக்கலாம். அப்போதும் மருத்துவர்தான்.

பிரிட்டனைச் சேர்ந்த குதிரை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது குதிரை வலியைக் காட்டும் விதங்களை 24 செய்கைகளாகத் தொகுத்திருக்கிறார். காதைப் பின்னுக்கு மடக்கியே வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை வீசிக்கொண்டே இருப்பது, பின்னங்குளம்பின் நுனியை இழுப்பது போன்றவை அதில் உண்டு. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் "அடம்" என்று நாம் நினைக்கும் பல செய்கைகள் அதில் இருக்கின்றன என்பதை மனதில் வையுங்கள். எனக்கு அதைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது.

நாம் ஏமாந்துபோகும் இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிகிறது என்றால் ஏறுபவர் கோணலாக உட்காருகிறார் என்று உடனே முடிவு கட்டிவிடுவோம். ஆனால் பின்னங்காலில் நொண்டல் உள்ள குதிரைகளிலும் சேணம் இப்படி ஒரு பக்கம் சரியும். உணர்வு மரத்துப்போகும் ஊசி போட்டு அந்த வலியை நீக்கிப் பார்த்தபோது சரிவதும் நின்றதை டைசனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பதிவுசெய்திருக்கிறார்கள். நொண்டல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகவும் இருக்கலாம்.

மருத்துவர் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே, அவரைக் கேட்காமல் வலி மருந்து கொடுக்காதீர்கள். மருந்தின் பிடியில் இருக்கும் குதிரை நன்றாகத்தான் நடக்கும், வந்தவர் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் வரும் நாளில் நீங்கள் வழக்கமாகச் சவாரி செய்யும் சேணத்தோடு தயாராக இருங்கள். ஆள் ஏறிய நிலையிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை. அவர் நின்ற இடத்திலும் கையில் பிடித்து ஓட்டியும் பார்த்தார், அதில் தாராவிடம் பெரிதாக எதுவும் தெரியவில்லை. நான் ஏறிக் காட்டியிருந்தால் அன்றைக்கே பாதி விஷயம் வெளிப்பட்டிருக்கும். அந்த வருகைக்கு மட்டும் 2,500 ரூபாய் கொடுத்தேன். ஊர் தூரத்தைப் பொறுத்து இது மாறும்.

3. ஸ்டிரப் வாரைக் கழற்றி அளந்து பாருங்கள்

அரைமணி நேர வேலை, செலவு எதுவும் இல்லை. இரண்டு வாரையும் சேணத்திலிருந்து கழற்றி, ஒரே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஐந்தாவது ஓட்டைக்கு ஐந்தாவது ஓட்டை நேராக இருக்கிறதா? குதிரையில் இடது பக்கமாகத்தான் ஏறுகிறோம். ஒவ்வொரு முறையும் நம் முழு எடையும் இடது வாரில் விழுகிறது, தோல் மெல்ல மெல்ல நீள்கிறது. பயிற்சிப் பள்ளிச் சேணத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் ஏறுவார்கள். அதனால் ஓட்டை எண்ணை நம்பவே கூடாது.

வித்தியாசம் சிறிது என்றால் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே நீளும். வித்தியாசம் பெரிது என்றால் புது ஜோடி வாங்குங்கள். நான் சொந்தமாக ஒரு ஜோடியை 1,800 ரூபாய்க்கு வாங்கி, பையிலேயே கொண்டுபோகிறேன். ஏறுவதற்கு முக்காலியோ திண்ணையோ பயன்படுத்துங்கள், குதிரையின் முதுகுக்கும் அது நல்லது.

அப்படியே சேணத்தையும் பின்னாலிருந்து பாருங்கள். நடுப்பள்ளம் முதுகெலும்புக்கு நேராக இருக்கிறதா? அடியில் உள்ள திண்டு ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா? சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். இடமும் வலமும் ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும். தாராவின் இடது பக்கத்தில், வியர்வைக்கு நடுவே உள்ளங்கை அளவுக்கு ஒரு காய்ந்த திட்டு இருந்தது. தோலை விடாமல் அழுத்தினால் அந்த இடம் வியர்க்காது. அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், என்னவென்று தெரியாமல் துடைத்துவிட்டிருக்கிறேன்.

4. எந்தக் கால் எப்போது காற்றில் இருக்கிறது என்று முதுகிலிருந்தே உணருங்கள்

இந்தப் படிக்கு அவசரமே வேண்டாம். எனக்கு ஒரு மாதம் ஆனது.

குதிரையின் முன்னங்கால்கள் உடலோடு தசையால் மட்டுமே பிணைந்திருக்கின்றன, அதற்குக் காறை எலும்பு கிடையாது. பின்னங்கால்கள் அப்படியல்ல. இடுப்பெலும்பு வழியாக முதுகெலும்போடு நேராக இணைந்திருக்கின்றன. அதனால் பின்னங்கால் தள்ளுவது முதுகு வழியாக உங்களுக்கு வந்து சேர்கிறது. நீங்கள் முதுகில் செய்வதும் அதே வழியில் பின்னங்காலுக்குப் போகிறது. நீங்கள் முதுகை அமுக்கினால் குதிரை முதுகைப் பள்ளமாக்கிக்கொள்ளும். முதுகு பள்ளமானால் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வர முடியாது, பின்னாலேயே நின்றுவிடும்.

வாக் என்னும் மெதுநடையில் கால்கள் தரையில் படும் வரிசை: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். நான்கு தாளம். இடது பின்னங்கால் காற்றில் முன்னே வரும்போது குதிரையின் வயிறு வலது பக்கம் ஊசலாடும். முதுகின் இடது பாதி சற்றே இறங்கும். உங்கள் இடது உட்காரும் எலும்பு, அதாவது உட்காரும்போது பிட்டத்துக்கு அடியில் ஊன்றும் எலும்பு, கீழேயும் முன்னேயும் போகும், உங்கள் இடது ஆடுதசை தானாகவே குதிரையின் பக்கத்தில் சாயும். அடுத்த கணம் எல்லாம் வலது பக்கம் மாறும்.

இதை உணர ஒரு வழி இருக்கிறது. சைஸ் அண்ணனையோ நண்பரையோ கயிற்றைப் பிடித்து நடத்தச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இடது எலும்பு இறங்கும்போதெல்லாம் "இப்போ" என்று சொல்லுங்கள். பின்னங்காலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடப்பவர் சரியா தவறா என்று சொல்லட்டும். முதல் நாள் நான் பத்துக்கு மூன்று கூடச் சரியாகச் சொல்லவில்லை. நான்காவது வகுப்பில் திடீரென்று பிடிபட்டது. பிடிபட்டபின் அது போகவே போகாது. சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரிதான்.

இதனால் என்ன பயன்? தரையில் ஊன்றியிருக்கும் கால் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அப்போது உதைத்தால் அதனால் முன்னே வர முடியாது. தரையைவிட்டு எழுந்து காற்றில் வரும் கால்தான் இன்னும் கொஞ்சம் முன்னே வர முடியும். எலும்பு இறங்கி ஆடுதசை தானாகச் சாயும் அந்தக் கணத்தில் லேசாக அழுத்தினாலே போதும். நான் ஏழு மாதம் தாளம் தப்பி உதைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு தாராவால் வேகமாகத்தான் ஓட முடியும், நீளமாக எட்டு வைக்க முடியாது.

வீட்டிலும் பழகலாம். கெட்டியான மரமுக்காலியில் உள்ளங்கை மேலே பார்த்தபடி இரண்டு கையையும் அடியில் வைத்து உட்காருங்கள். இரண்டு உட்காரும் எலும்பும் கையில் சமமாக அழுத்துகின்றனவா? எனக்கு இடது கை மட்டும் வலித்தது.

5. மணலில் தடம் எடுங்கள், பின்னாலிருந்து படம் எடுங்கள்

யார் என்ன சொன்னாலும் மணல் சொல்வதுதான் கணக்கு. அதிகாலையில் மைதானத்தில் யாரும் இறங்குவதற்கு முன் போய்விடுங்கள். 15 மீட்டர் நீளத்துக்கு மணலை வாரி சமப்படுத்துங்கள். முதலில் ஆள் ஏறாமல் குதிரையை வாக் நடையில் நடத்துங்கள். ஒரே பக்கத்தின் முன்னங்குளம்புத் தடத்தைத் தாண்டிப் பின்னங்குளம்பு எவ்வளவு முன்னே விழுந்திருக்கிறது என்று டேப்பால் அளந்து எழுதுங்கள். இடது பக்கம் நான்கு எட்டு, வலது பக்கம் நான்கு எட்டு. பிறகு மணலை மறுபடி வாரிவிட்டு நீங்கள் ஏறி அதே இடத்தில் நடத்துங்கள். மீண்டும் அளந்து எழுதுங்கள்.

தாராவின் வலது பின்னங்கால் நான் ஏறியபோதும் முன்தடத்தை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தாண்டியது. இடது பின்னங்கால் ஆள் ஏறாதபோது அதே அளவு தாண்டியது. நான் ஏறியதும் நான்கு விரற்கடைதான். அந்த இரண்டு தடத்துக்கும் பக்கத்தில் மண்டியிட்டுக் கையை வைத்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

கவனிக்க வேண்டியவை: வேகம் கூடினால் எட்டும் நீளும், அதனால் இரண்டு முறையும் ஒரே வேகத்தில் நடத்துங்கள். மணல் ஆழமாக இருந்தால் எந்தக் குதிரையும் காலை இழுக்கும். சென்னையில் நவம்பர், டிசம்பர் மழையில் ஊறிய மைதானத்தில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கு மேல் சோர்ந்த குதிரையை வைத்தும் அளக்காதீர்கள்.

காணொளிக்குப் பெரிய கேமரா வேண்டாம். கைபேசியின் ஸ்லோமோஷன் போதும். கைபேசியை இடுப்பு உயரத்தில் ஆடாமல் வைத்து, குதிரை நேராக விலகிப் போவதைப் பின்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து, இரண்டு பக்கமும். பின்னாலிருந்து எடுத்ததுதான் அதிகம் சொல்லும். சட்டையின் நடுத்தையல் சேணத்தின் நடுவுக்கு நேராக இருக்கிறதா, இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, ஒரு பக்கம் மட்டும் இடுப்பில் சட்டை மடிகிறதா என்று பாருங்கள். மடிப்பு விழும் பக்கத்தில் இடுப்பு ஒடிந்திருக்கிறது. பக்கவாட்டுப் படத்தில் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். குதிரை திடீரென்று காணாமல் போனால் நீங்கள் மண்ணில் இரு காலில் நிற்க வேண்டும். அதுதான் சோதனை.

6. உங்கள் தவறு எது என்று கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு தவறும் பின்னங்காலை வேறுவேறு விதத்தில் தடுக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போகாதீர்கள், மாதம் ஒன்று போதும்.

நாற்காலியில் உட்காருவது போல காலை முன்னே நீட்டி, பின்பக்கத்தைச் சேணத்தின் பின்விளிம்பில் வைப்பது புதியவர்களிடம் அதிகம். பாரம் முழுவதும் முதுகின் பலவீனமான பின்பகுதியில் விழும். முதுகு பள்ளமாகும், பின்னங்கால் பின்னாலேயே நிற்கும். ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளுக்கு இது இன்னும் கஷ்டம். ஜாக்கி குட்டை ஸ்டிரப்பில் எழுந்து நின்றே ஓட்டுவார், முதுகில் ஒருவர் அமுங்கி உட்காருவது அவற்றுக்குப் பழக்கமே இல்லை.

முன்னே சாய்ந்து கழுத்தைப் பார்ப்பது அடுத்தது. ஆள் ஏறாமல் நிற்கும் குதிரையே தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்காலில்தான் தாங்குகிறது. நம் தலையும் தோளும் முன்னே போனால் அது இன்னும் கூடும். பின்னங்கால் தாங்காமல் வெறுமனே தள்ள ஆரம்பிக்கும்.

முழங்காலால் இறுக்கிப் பிடித்தால் நீங்கள் சேணத்திலிருந்து மேலே தள்ளப்படுவீர்கள், நான்காவது படியில் சொன்ன ஊசலாட்டம் உங்களுக்குத் தெரியாது. பயத்தில் வருவது இது. பயம் போகும்வரை வாக் நடையிலேயே இருங்கள், யாரும் துரத்தவில்லை.

கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வளைவில் திரும்ப, உள்பக்கக் கடிவாள வாரை, அதாவது திரும்பும் பக்கத்து வாரை, பின்னால் இழுக்கிறோம். இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதே பக்கத்துப் பின்னங்காலின் எட்டு குட்டையாகிறது, வாயில் தொடங்கிய இழுப்பு அந்தப் பக்கம் முழுவதையும் இறுக்கிவிடுகிறது. பந்தயக் குதிரையை இழுத்தால் அது நிற்காது, வாரில் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும். அது கற்றதே அப்படித்தான். திரும்ப வேண்டுமானால் முதலில் உங்கள் வயிற்றையும் தோளையும் போகும் பக்கம் திருப்புங்கள், வெளிப்பக்க வாரைச் சீராகப் பிடியுங்கள், உள்கை கேட்டுவிட்டு உடனே தளரட்டும்.

கடைசியாக என்னுடையது, ஒரு பக்கம் தொங்குவது. ஸ்டிரப் வாரைச் சரிசெய்ததோடு தீரவில்லை. ஏழு மாதத்தில் என் உடம்பு கோணலையே நேர் என்று நினைக்கப் பழகியிருந்தது. நேராக உட்கார்ந்தபோது வலது பக்கம் விழப்போகிறேன் என்று தோன்றியது. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் படத்தை நம்புங்கள், உணர்வை நம்பாதீர்கள். வீட்டில் இரண்டு எடைமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றில் ஒரு கால் வைத்துக் கண்மூடி நின்று, வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் பாரம் போடுகிறோம் என்பது உடனே தெரிந்துவிடும்.

7. நீளக் கயிற்றில் ஆறு வகுப்பாவது எடுங்கள்

பயிற்சியாளர் கயிற்றின் நுனியைப் பிடித்து வட்டத்தில் குதிரையை நடத்த, நீங்கள் கடிவாளமும் ஸ்டிரப்பும் இல்லாமல் உட்காருவதுதான் லஞ்சிங் வகுப்பு. வியன்னாவில் உள்ள ஸ்பானிய சவாரிப் பள்ளியில் புதியவர்களை மாதக்கணக்கில் இதிலேயே வைத்திருப்பார்கள். நம் ஊரில் இது குழந்தைகளுக்கான வகுப்பு என்று தட்டிக்கழிப்பார்கள். நீங்கள் கேட்டு வாங்குங்கள். என் செலவில் இதைவிடப் பயன் தந்தது வேறில்லை.

ஒரு வகுப்பு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிறு வட்டம் குதிரையின் மூட்டுகளுக்குச் சுமை, நடுவில் திசையை மாற்றச் சொல்லுங்கள். தனி வகுப்பு என்பதால் கட்டணம் கூடுதல். குழு வகுப்புக்கு நான் 900 கொடுத்தேன், இதற்கு 1,300. குழு வகுப்பில் முன்னே போகும் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம், பின்னங்காலைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது.

8. டிராட், கேண்டருக்குப் போகும்போது

டிராட்டில் கால்கள் குறுக்கு ஜோடியாக நகரும், இரண்டு தாளம். எழுந்து எழுந்து உட்காரும்போது, குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகையில் எழுங்கள். அப்போதுதான் உள்பக்கப் பின்னங்காலும் காற்றில் வருகிறது, நீங்கள் முதுகைவிட்டு எழுந்ததால் அதற்கு இடம் கிடைக்கிறது. திசை மாறும்போது இரண்டு தாளம் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் ஒரே ஜோடியில் உட்கார்ந்து வந்தால் பாரம் எப்போதும் ஒரே பின்னங்காலில் விழும். நேரான பாதையில் போகும்போது இதை மறந்துவிடுவோம். சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குதித்து விழாமல் மெதுவாக உட்காருங்கள்.

டிராட்டைவிட வேகமான கேண்டரின் முதல் தாளமே வெளிப்பக்கப் பின்னங்கால்தான். தொடங்கும்போது எந்தக் கால் முன்னே வருகிறது என்று குனிந்து பார்த்தால் உங்கள் பாரம் உள்தோளில் விழும், குதிரை தவறான காலில் தொடங்கும். பார்க்காதீர்கள், பயிற்சியாளர் சொல்வார்.

9. எவ்வளவு காலம், எவ்வளவு பணம்

முதல் வாரம் தாள்கள், தேதிகள், வாரை அளப்பது, மணல் அளவு. இரண்டாம் வாரம் தேவைப்பட்டால் மருத்துவர். மூன்று முதல் ஆறாம் வாரம் வரை வாக் நடையும் லஞ்சிங்கும் மட்டும், வாரம் இரண்டு வகுப்பு. ஏழாம் வாரம் டிராட். எனக்கு வித்தியாசம் மணலில் தெரிய ஐந்து வாரம் ஆனது, தாராவின் முதுகுத் தசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிரம்ப நான்கு மாதம். ஒரு பக்கமாகவே வேலை செய்த தசைக்கு அவ்வளவு காலம் தேவைதான், அவசரப்படுத்தினால் வலி வரும்.

மொத்தம் எனக்கு, வார் ஜோடி 1,800, லஞ்சிங் ஆறு வகுப்பு 7,800. இது போதுமாக இருந்தது. இதற்கு முன் செலவழித்த 9,000 ரூபாயில் மருத்துவர் பார்த்த செலவு மட்டும் எப்படியும் செய்திருக்க வேண்டியதுதான், மற்றது தேவையில்லாமல் போனது.

மாதா மாதம் ஒரே நாளில் மணல் அளவை எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். லாடம் அடிப்பவர் வரும் நாளில் கூடவே இருந்து, கழற்றும் பழைய பின் லாடங்கள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நுனியில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்று சேர்த்து வைத்துப் பார்த்து, தேதி எழுதிய துண்டுச்சீட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தாராவின் மூன்று ஜோடி லாயத்துச் சுவரில் இருக்கின்றன. முதல் ஜோடியில் இடது லாடத்தின் நுனி கத்தி விளிம்பு மாதிரித் தேய்ந்திருக்கும். மூன்றாவது ஜோடியில் எது இடது எது வலது என்று சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.